கமக்காரர் வீட்டுக் காலைச் சிற்றுண்டி: நெல்லும் பயறும் எள்ளும்

கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிக் கமஞ்செய்யும் முருங்கன், நானாட்டான், உயிலங்குளம் பகுதிகளிலே, காலபோக அறுவடை முடிந்ததும் நெல்மூடைகள் களத்திலிருந்து நேரே வியாபாரியின் வண்டியில் ஏறிவிடுவதுண்டு. வெட்டுக்கூலி கொடுக்கவேண்டும், பசளைக்குப் பட்ட கடனைத் தீர்க்கவேண்டும், அடகில் உள்ள நகையை மீட்கவேண்டும் என்பன யாவும் உண்மையே. ஆயினும் நெல்லை விற்ற அதே வீட்டார், மறுநாட் காலையில் கடைக்கு ஆளனுப்பிப் பணிசும் விசுக்கோத்தும் வாங்கும்போது, தம் களத்துப் பொருளைக் குறைந்த விலைக்குக் கொடுத்துப் பிறநாட்டுப் பொருளைக் கூடிய விலைக்குக் கொள்கின்றனர். கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. விடியற்காலையில் வெறுந் தேநீரோடு வயலுக்குப் போகும் ஆண்களுக்கும், நாற்று நடும் பெண்களுக்கும், பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளைகளுக்கும், கையில் எடுத்து ஒரு வாயில் உண்ணத்தக்க சிற்றுண்டிகளை வீட்டு நெல், பயறு, எள்ளு ஆகியவற்றைக் கொண்டே செய்துகொள்ளும் முறையை இங்கு விளக்குவோம்.

கோதுமை மா நம் அடுக்களைக்கு வந்த வரலாறு நீண்டதன்று. 1942 ஆம் ஆண்டில் யுத்தங் காரணமாகப் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றபோது, அதற்கு ஈடாகக் கோதுமை மா பெருமளவிற் புகுந்தது. யுத்தம் முடிந்த பின்னும் அது போகவில்லை. 1970களின் முற்பகுதியில் பாணுக்கு வரிசையில் நின்றவர்களும், 2022 ஆம் ஆண்டில் மாவின் விலை ஏறியபோது பாண் வாங்குவதைக் குறைத்தவர்களும், பிறநாட்டுத் தானியத்தை நம்பிய அடுக்களை எவ்வளவு எளிதில் தள்ளாடும் என்பதைக் கண்டனர். பாணை அறவே ஒழிக்கும்படி யாம் கூறவில்லை. நெல் விளைவிக்கும் வீட்டிற் காலை உணவு கடைக்காரனின் கையில் இருத்தல் ஆகாது என்பதே எமது கருத்து.

அரிசியோடு பயறு சேர்வதேன்?

அரிசியில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு புரதம் உண்டு; பயற்றில் ஏறக்குறைய 24 பங்கு. அளவு மட்டுமன்றித் தன்மையும் கருதற்பாலது. உடல் வளர்ச்சிக்கு இன்றியமையாத லைசின் என்னும் கூறு அரிசியிற் குறைவு, பயற்றில் நிறைவு. மெதியோனின் என்னும் மற்றொரு கூறு பயற்றிற் குறைவு, எள்ளிலும் அரிசியிலும் அதனினும் மிகுதி. ஆகவே இவை ஒன்றோடொன்று சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகின்றது. பயற்றம் பணியாரமும் எள்ளுருண்டையும் செய்த நம் முன்னோர் இப்பெயர்களை அறிந்திலர். ஆயினும் வளரும் பெண்பிள்ளைக்கு உளுந்தும் எள்ளும் நல்லெண்ணெயும் கொடுக்கவேண்டும் என்பதை அறிந்திருந்தனர்.

எவ்வளவு ஒதுக்குவது?

ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று கிழமையில் நான்கு காலைகளில் அரிசிமாக் கொழுக்கட்டையும், கிழமை முழுவதற்கும் ஒருமுறை பயற்றம் உருண்டையும் செய்வதாகக் கொள்வோம். கொழுக்கட்டைக்கு ஒரு காலைக்கு 300 கிராம் அரிசிமாவும் 100 கிராம் பயறும், உருண்டைக்கு 100 கிராம் மாவும் 500 கிராம் பயறும் வேண்டும். அதாவது கிழமைக்கு 1.3 கிலோ அரிசியும் 900 கிராம் பயறும் செலவாகும். ஆண்டு முழுவதற்குங் கூட்டினால் அரிசி 68 கிலோ, பயறு 47 கிலோ அளவில் வரும். நெல்லைக் குற்றினால் நூற்றுக்கு 65 பங்கு அரிசி தேறும் எனக்கொண்டால், ஒதுக்கவேண்டிய நெல் 105 கிலோ மாத்திரமே. களத்திற் கிடக்கும் குவியலை நோக்க இஃது ஒரு பொருட்டன்று. பயறோ, காலபோக வெட்டுக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடைப்பட்ட காலத்தில், நிலத்தில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு அறுபது எழுபது நாளில் விளையக்கூடியது. கால் ஏக்கர் பயறு நன்கு விளைந்தால் வீட்டுத் தேவைக்கு மேலும் கிடைக்கும். வேரிலுள்ள முடிச்சுக்கள் மண்ணுக்குத் தழைச்சத்தையும் விட்டுச்செல்லும்.

ஒதுக்கிய பயற்றைப் பல்லிற் கடித்தால் 'கடக்' என உடையும்வரை வெயிலில் உலர்த்தி ஆறவிட்டு, காற்றுப் புகாத தகரத்தில் இடுக. கிலோ ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால் வண்டு முட்டையிடுவது பெரிதுங் குறையும். இனி ஓர் எச்சரிக்கை. மருந்து தடவப்பட்ட விதைப்பயறும் விதைக்கச்சானும் எக்காரணங்கொண்டும் அடுக்களைக்கு வரலாகாது. கழுவினாலும் வறுத்தாலும் அந்நஞ்சு நீங்கிவிட்டதென்று நம்பற்க. விதையைத் தனி அறையில், பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க. பீடைநாசினி வந்த போத்தலில் எண்ணெயும் வாளியில் மாவும் வைக்கும் வழக்கம் எங்கேனும் உண்டாயின் அதனை இன்றே விடுக. பூஞ்சணம் பிடித்த கச்சானை நல்லதோடு கலந்து வறுப்பதும் தவறு. பூஞ்சணத்தில் உண்டாகும் அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சு அடுப்புச் சூட்டில் அழியாது. அதனை எறிந்துவிடுவதே இலாபம்.

மா இடித்தல்

சிற்றுண்டியின் நன்மை தீமை யாவும் மாவிலே தங்கியுள்ளன. பச்சையரிசியைக் களைந்து, இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டு, நீரை முற்றாக வடித்து, ஈரம் இருக்கும்போதே இடித்து அரிதட்டில் அரிக்கவேண்டும். மில்லிற் கொடுப்போரும் ஊறவைத்தே கொடுத்தல் நன்று. பின்னர் அகன்ற தாச்சியில் மெல்லிய நெருப்பில் கை ஓயாது கிளறி வறுக்க. எப்போது இறக்குவது என்பதற்கு நம் பெண்கள் ஒரு சோதனை வைத்திருக்கின்றனர். ஒரு சிட்டிகை மாவை எடுத்துக் கோலம் இழுப்பதுபோல நிலத்தில் விடுக. கோடு அறாமல் ஒழுங்காக விழுந்தால் பதம் சரி. திட்டுத்திட்டாக விழுந்தால் ஈரம் இன்னும் உண்டு. இதனினும் நல்ல கருவி எதனையும் யாம் சிபாரிசு செய்யப்போவதில்லை.

மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பரிசிகளைத் தவிடு முழுதும் போகாமற் குற்றி மா ஆக்கினால் சத்தும் மணமும் மிகும். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அம்மா விரைவிற் காறிப்போகும். ஆகையால் இரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் இடித்துக்கொள்க.

பயற்றம் உருண்டை

பயறு 500 கிராமை மெல்லிய நெருப்பிற் செம்பொன்னிறமாகி வாசனை எழும்வரை வறுத்து, உடைத்து, சுளகிற் புடைத்துக் கோது நீக்கி மாவாக்குக. கருகிய பயறு இரண்டு மூன்று இருந்தாலும் கசப்பு முழுவதிலும் பரவும். அதனோடு வறுத்த அரிசிமா 100 கிராம், இடித்த ஏலம் ஐந்து, மிளகும் நற்சீரகமும் தூளாக்கி அரைத் தேக்கரண்டி வீதம் சேர்க்க. பாதித் தேங்காயைத் துருவி, எண்ணெய் விடாது, நீர்த்தன்மை அறும்வரை தனியே வறுத்துக் கலக்க. உருண்டை விரைவிற் பழுதாவதற்குப் பெரும்பாலும் இத்தேங்காய்ப்பூவே காரணம். அரை வறுவலில் எடுத்தால் மூன்றாம் நாள் புளித்த வாடை வீசும்.

பனங்கட்டி 400 கிராமை ஒரு தேநீர்க் கோப்பை நீரிற் கரைத்து, மண் போக வடித்து, மீண்டுங் காய்ச்சுக. விரலிடையிற் கம்பி இழுபடும் பதத்தில் இறக்கி, மாவின் நடுவே குழி செய்து, சிறிது சிறிதாக விட்டுக் கிளறுக. பாகு முற்றினால் உருண்டை கல்லாகும். இளகினால் பூஞ்சணம் பிடிக்கும். கை பொறுக்கும் சூட்டில், சிறு எலுமிச்சங்காயினுஞ் சிறிதாக உருட்டுக. நாற்பதுக்கு மேல் வரும். நன்றாக ஆறிய பின்னரே தகரத்தை மூடவேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி உருண்டையில் விழும். ஒரு கிழமை வைத்து உண்ணலாம். தேங்காய் சேர்க்காது செய்தால் இன்னும் நீண்டநாள் இருக்கும்.

இதனையே அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சிறிது மஞ்சளும் உப்பும் கலந்த கரைசலில் தோய்த்து எண்ணெயிற் பொரித்தால் பயற்றம் பணியாரம் ஆகும். கலியாண வீட்டுக்கு அது சிறந்தது. நாள்தோறும் உண்பதற்குப் பொரியாத உருண்டையே போதும், எண்ணெய்ச் செலவுமில்லை.

எள்ளுருண்டைக்குச் செய்முறை சுருக்கமானது. எள்ளு 250 கிராமை மண் போகக் களைந்து உலர்த்தி, வெடிக்கும் ஒலி கேட்கும்வரை வறுத்து, வறுத்த உளுத்தமா 100 கிராமும் பனங்கட்டி 150 கிராமும் சேர்த்து உரலில் இடித்தால், எள்ளின் எண்ணெயே எல்லாவற்றையும் ஒட்டிக்கொள்ளும். பாகு வேண்டியதில்லை.

பனங்கட்டி சீனியன்று, ஆதலால் நீரிழிவுக்காரர் எவ்வளவும் உண்ணலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். அதுவும் இரத்தத்திற் சீனியைக் கூட்டுவதே. மேலே கூறிய அளவிற் செய்த ஒரு பயற்றம் உருண்டையில் ஏறக்குறைய 9 கிராம் பனங்கட்டி உண்டு. சேர்த்துக்கொள்ளும் இனிப்பு வளர்ந்தோர்க்கு ஒரு நாளில் 50 கிராமுக்கு உட்படவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. தேநீரிற் போடும் சீனியும் அக்கணக்கிலேயே சேரும். எனவே ஆளுக்கு இரண்டு உருண்டை போதுமானது. நீரிழிவுள்ளோர் உருண்டையை விடுத்துக் காரக் கொழுக்கட்டையை, அதுவும் பயறு கூடவும் மா குறையவும் செய்து, அளவோடு கொள்க.

காரப் பிடிகொழுக்கட்டை

முதல்நாள் இரவே பயறு 100 கிராமை அளவாக அவித்து, நீர் வடித்து வைத்துக்கொண்டால், விடியலில் அரை மணி நேரத்தில் வேலை முடியும். குளிர்பெட்டி இல்லாத வீட்டார் பயற்றை அவியாது இரவில் ஊறவிட்டு, அதிகாலையில் அவிப்பதே நன்று. வறுத்த அரிசிமா 300 கிராமில் பயறு, அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ச் சொட்டு, உப்பு ஆகியவற்றையும், ஒரு கை நிறைந்த முருங்கையிலையையும் இட்டு, கொதிநீர் தெளித்து அகப்பைக் காம்பினாற் கிளறி, சூடு தணிந்ததும் விரல் அடையாளம் பதியச் சிறு சிறு பிடிகளாகப் பிடித்து, கால் மணி நேரம் ஆவியில் அவிக்க. முருங்கனுக்கும் முருங்கைக்கும் பெயர்ப் பொருத்தம் உண்டோ என்பதை அறிஞர் ஆராயட்டும். இரும்புச்சத்து மிக்க அவ்விலை வேலியோரத்தில் விலையின்றி நிற்கின்றது. அதன் சத்து உடலிற் சேர்வதற்குத் தேசிக்காய்ப் புளி உதவும், தேநீர் தடுக்கும். ஆகையால் கொழுக்கட்டையோடு ஒரு துண்டு தேசிக்காய் பிழிந்த சம்பலை வைத்து, தேநீரை ஒரு மணி நேரம் கழித்துக் கொடுக்க. வெறுந் தேநீர் இன்றி விடியாத வீடுகளில் இது கடினமே; பிள்ளைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்குமாவது கைக்கொள்க.

மரக்கறி செய்வோர் சந்தைக்கு ஏற்காத சிறு பயற்றங்காயையும், வெடித்த பூசணியின் நற்பகுதியையும் நறுக்கியோ துருவியோ இம்மாவிற் சேர்க்கலாம். மருந்து தெளித்த பாத்தியாயின், போத்தலிற் குறித்த நாட்கணக்கு முடியுமுன் வீட்டுக்கென்றும் பறிக்கவேண்டாம். சந்தைக்கும் இதுவே விதி என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

காலையில் அவித்த கொழுக்கட்டையை மதியத்துக்குள் உண்டு முடிக்க. தேங்காயும் அவித்த பயறும் சேர்ந்த பண்டம் எமது வெயிலில் மாலைவரை நிற்காது. வயலுக்குக் கொண்டுபோகும்போது வாழையிலையிற் சுற்றி, மரநிழலில் தொங்கவிடுக. மருந்து தெளித்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் அப்பொதியை அவிழ்த்தலாகாது.

சிறு பிள்ளைகளுக்கு உருண்டையை முழுதாகக் கொடுத்தல் ஆபத்து. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கக்கூடுமாதலால், உருண்டையை உதிர்த்துப் பாலிற் குழைத்துக் கொடுக்க. முழுக் கச்சானைக் கொடுக்கவேண்டாம்.

பருத்தித்துறையில் வீடுகளிற் சுட்ட தட்டை வடை, இன்று பருத்தித்துறை வடை என்று ஊர்ப்பெயராலேயே கேட்டு வாங்கப்படுகின்றது. வடமாகாணத்தில் அம்மாச்சி உணவகங்களிற் பெண்கள் நம் ஊர்ப் பலகாரங்களைச் சமைத்து விற்று வருமானம் பெறுகின்றனர். வீட்டுக்குப் போக மீந்த உருண்டையை விற்க விரும்புவோர், முதலில் தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு சமைக்குமிடத்தைக் காட்டுக. விற்கும் உணவு யாவும் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டவை. முதல் மாதம் விலையை மதிப்பிடும்போது, வீட்டு நெல்லையும் பயற்றையும் இலவசமெனக் கொள்ளாது, அன்று களத்தில் வியாபாரி தந்திருக்கக்கூடிய விலையைக் கணக்கிற் சேர்த்துக்கொள்க. விறகுக்கும் பெண்களின் உழைப்புக்கும் தனித்தனியே ஒரு தொகை எழுதுக.