சிந்தும் முன் சிந்திப்போம்

முன்னுரை

ஏரிகள் நிறைந்த மாவட்டம் எனப் பெயர் பெற்றது காஞ்சிபுரம் மாவட்டம். அம்மாவட்டத்தில் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியில் அமைந்த வல்லம் வடகால் என்னும் ஊர் இன்று சிப்காட் தொழிற்பூங்காவால் அறியப்படுகிறது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கு 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்குரிய குடியிருப்பு வளாகம் திறந்து வைக்கப்பட்டது. உழைக்கும் இடமும் உறங்கும் இடமும் அருகருகே அமைந்துவிட்ட இந்நாளில், தொழிற்கூடத்தில் நச்சு வேதிப்பொருள் சிந்தினால் என்ன செய்வது என்னும் வினா பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. நம் அனைவர்க்கும் உரியது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போபால் புகட்டிய பாடம்

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் போபாலில், ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் இருந்த தொட்டியில் நீர் புகுந்தது. வெப்பம் பெருகி நச்சுவளி வெளியேறியது. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வளியை எரிக்கும் கோபுரமும் செயல்படும் நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கான உயிர்கள் பறிபோயின.

கருவிகளின் குறையோடு மற்றொரு குறையும் அங்கு இருந்தது. அருகில் வாழ்ந்த மக்களுக்குத் தொட்டியில் இருப்பது இன்னதென்று எவரும் சொல்லி வைக்கவில்லை. முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொள்ளுமாறு அவர்களுக்கு முன்கூட்டி அறிவுறுத்தப்படவில்லை. மருத்துவம் செய்தோரும் நஞ்சின் தன்மை அறியாது திகைத்தனர். இதன் பின்னரே, 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக, தம் பணியிடத்து ஆபத்துகளை அறியும் உரிமை தொழிலாளர்க்குத் தொழிற்சாலைகள் சட்டத்தில் வழங்கப்பட்டது.

நம் மாநிலத்திலும் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இரவு, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் மூச்சுத் திணறி, உறக்கம் கலைந்து தெருவுக்கு ஓடி வந்தனர். எத்திசையில் ஓடுவது என்பதை அறிந்திருத்தலும் ஒரு பாதுகாப்பே என்பதை அவ்விரவு உணர்த்திற்று.

முதலில் செல்பவர் யார்?

இரவுப் பணி நேரத்தில் ஒரு டிரம் சாய்ந்து திரவம் தரையில் பரவுகிறது எனக் கொள்வோம். அதனைத் துடைக்க முதலில் அழைக்கப்படுபவர் பெரும்பாலும் தூய்மைப் பணியாளரே. அவர் கையில் இருப்பது துடைப்பமும் ஒரு வாளித் தண்ணீரும். திரவத்தைப் பற்றி மிகக் குறைவாக அறிந்தவரே அதன் மிக அருகில் செல்கிறார். இந்நிலையை மாற்றுவதே ஆயத்தத்தின் முதற்படியாகும்.

ஆயத்தம் எனப்படுவது யாது?

முதலாவது, அறிதல். அடர் கந்தக அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். நைட்ரிக் அமிலத்தின் மேல் மரத்தூளைத் தூவினால் தீப்பற்றக்கூடும். டொலுவீன், தின்னர் போன்றவற்றின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள தீப்பொறியையும் எட்டிவிடும். எனவே எதற்கு எது பொருந்தும் என்பதைச் சிந்துவதற்கு முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பிரித்தல். அமிலத்தையும் வெளுப்புக் கரைசலையும் அடுத்தடுத்து வைத்தலாகாது. இரண்டும் கலந்தால் குளோரின் வளி கிளம்பும்.

மூன்றாவது, தடுத்தல். டிரம்களைச் சுற்றி, அவற்றுள் பெரியதன் கொள்ளளவைவிடச் சற்று மிகுதியாகத் தாங்கும் தடுப்புச்சுவர் வேண்டும். மழைநீர் வடிகாலின் வாயை உடனே அடைக்கும் ஏற்பாடும் வேண்டும். ஏரிகள் சூழ்ந்த இந்நிலத்தில் வடிகாலில் இறங்கிய நஞ்சு தொழிற்கூடத்தின் மதிலோடு நின்றுவிடாது.

நான்காவது, விலகல். பொருள் இன்னதென்று தெரியாவிடில் அதனைத் தொடாது விலகி, பிறரையும் எச்சரித்து, காற்று வரும் திசையை நோக்கியோ அதற்குப் பக்கவாட்டிலோ செல்ல வேண்டும். அமிலம் கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். அந்நீர்க்குழாய் சில நொடிகளில் எட்டும் தொலைவில் இருத்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, பயிற்சி. கையுறையும் முகமூடியும் பூட்டிய அலமாரியில் இருந்து, திறவுகோல் மேலாளரிடம் இருந்தால் பயனில்லை. பகற்பணியினர் மட்டுமன்றி இரவுப் பணியினரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒத்திகையில் பங்குபெற வேண்டும்.

தமிழுக்கு உரிய பணி

இங்கேதான் தமிழ் பயில்வோராகிய நமக்கும் ஒரு கடமை அமைகிறது. டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், அது படிக்கத் தெரிந்தவரை மட்டுமே காக்கும். "நீர் ஊற்றாதே", "தீ அருகில் கொண்டு வராதே", "விலகி நின்று மேற்பார்வையாளரை அழை" எனச் சின்னஞ்சிறு தொடர்களாக அவ்வறிவைத் தமிழில் எழுதித் தருதல், இலக்கியம் பயின்றோர் செய்தற்குரிய அரும்பணி. வேற்று மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போர்க்கு அவரவர் மொழியிலும் அவை வேண்டும். கலைச்சொல்லாக்கம் அகராதிக்கு மட்டும் உரியதன்று. அது உயிர் காக்கும் தொண்டுமாகும்.

முடிவுரை

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. வல்லம் வடகாலுக்கு வேலை தேடிச் செல்லும் நம் மாணவச் செல்வங்கள், பணியேற்கும் முதல் நாளிலேயே, "இங்குள்ள பொருள்கள் எவை? சிந்தினால் நான் செய்ய வேண்டுவது யாது?" என்று பணிவோடும் துணிவோடும் வினவ வேண்டும். அவ்வினாவுக்கு விடை ஆயத்தமாக உள்ள தொழிற்கூடமே பாதுகாப்பான தொழிற்கூடம். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோரும் ஊர்ப் பெரியோரும், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு இவ்வினாவையும் சேர்த்துக் கேட்பார்களாக.