பாதம் பிடிக்கும் தொழிலுக்கு வருகிறீர்களா?

"இதை அமுக்கினா சுகர் குறையுமாம்மா?"

ரிஃப்ளெக்ஸாலஜி படித்துவிட்டு ஒரு சின்ன அறையில் நாற்காலி போட்டு உட்காருகிற யாரிடமும் முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். "குறையும்" என்றால் பத்து தடவைக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுவார். "சுகரை இது குறைக்காதுங்க ஐயா. கால் அசதி போகும், உடம்பு லேசாகும், மனசு கொஞ்சம் அடங்கும். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றால் எழுந்து போனாலும் போவார். நான் சொல்லச் சொல்வது இரண்டாவது பதிலைத்தான். அதை வைத்துக்கொண்டே இந்தத் தொழிலில் மரியாதையாகப் பிழைக்கலாம்.

முதலில், கையில் எடுக்கும் வித்தை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதத்தைப் பிடித்துவிடும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் இன்று வகுப்புகளில் சுவரில் மாட்டியிருக்கும் பாத வரைபடம் அமெரிக்காவில் உருவானது. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர் உடம்பைத் தலை முதல் கால் வரை பத்து நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்தார்; 1917-இல் அது நூலாக வந்தது. யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, 1938-இல் தன் நூலை வெளியிட்டார். விரல்கள் தலைக்கு, விரலடி மேடு மார்புக்கு, உள்வளைவு வயிறு குடலுக்கு, குதிகால் இடுப்புக்கு, பாதத்தின் உள்ளோரம் முதுகெலும்புக்கு என்பது அந்த வழிவந்த கணக்கு.

இந்தக் கணக்குக்கு உடற்கூறியலில் ஆதாரம் கிடையாது. கல்லீரலையும் வலது பாதத்தில் ஓர் இடத்தையும் தனியாக இணைக்கும் நரம்பு எதையும் யாரும் காட்டியதில்லை. வரைபடத்தை உங்கள் கை போக வேண்டிய பாதையாக வைத்துக்கொள்ளுங்கள். நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக்காதீர்கள். ஓரிடத்தில் தொட்டதும் வலித்தால் "உங்களுக்குக் கிட்னி சரியில்லை" என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் ஒருவரின் ஒரு மாதத் தூக்கத்தைக் கெடுக்கும். அதேபோல, கட்டைவிரலுக்கு அடியில் நெறுநெறுவென்று தட்டுப்படுவதை யூரிக் அமிலப் படிகம் என்றும், அதைக் கரைத்து நச்சை வெளியேற்றுவதாகவும் சொல்லாதீர்கள்.

அப்படியானால் இதனால் என்ன பயன்? மாற்று மருத்துவ ஆய்வாளரான எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் 2009-இல் 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதினார். ஆஸ்திரேலியா 2019 ஏப்ரலில் இதைத் தனியார் மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இதையெல்லாம் மறைக்க வேண்டாம்.

இன்னொரு ஆய்வையும் படியுங்கள். 2012-இல் அமெரிக்காவில், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியோ ஹார்மோன் சிகிச்சையோ எடுத்துக்கொண்டிருந்த 385 பெண்களிடம் நடந்தது. ரிஃப்ளெக்ஸாலஜி பெற்றவர்களுக்கு மூச்சுத் திணறல் குறைந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியது. குமட்டலும் வலியும் குறையவில்லை. இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. ஒப்பிடுவதற்காக, பயிற்சி பெற்ற நிபுணர் அல்லாதவர்கள் சாதாரணமாகப் பாதத்தைப் பிடித்துவிட்ட குழுவுக்கும் களைப்பு குறைந்திருந்தது. ஒரு மனிதரின் காலை இன்னொரு மனிதர் அரை மணி நேரம் அக்கறையோடு பிடித்துக்கொண்டிருப்பதே ஒரு மருந்துக்குத் துணை. நீங்கள் விற்க வேண்டியது அதைத்தான். பிரிட்டனின் புற்றுநோய் இல்லங்களில் மருத்துவத்துக்குப் பக்கத்தில் இதற்கு இடம் கிடைத்திருப்பதும் இதனால்தான்.

இனி தொழிலின் உயிர்நாடிக்கு வருவோம்: அமுக்குவதற்கு முன் பார்ப்பது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். "நல்லா அழுத்துங்க, ஒண்ணுமே தெரியலை" என்று ஒருவர் சொன்னால் கையை எடுத்துவிடுங்கள்; உங்கள் அழுத்தம் போதாமல் இல்லை, அவர் காலுக்கு வலி தெரியவில்லை. செருப்பைக் கழற்றியதும் நல்ல வெளிச்சத்தில் பாதத்தின் அடியைப் பாருங்கள். விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், ஆணியைச் சுற்றிக் கருமை, ஒரு பாதம் மட்டும் சூடாகச் சிவந்து வீங்கியிருப்பது — எது இருந்தாலும் அன்றைக்கு வேலை இல்லை, டாக்டரிடம் அனுப்புங்கள். வலிக்கவில்லை என்று அவர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக வலிக்கிறதென்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிடித்துவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் அபாயம் உண்டு. நீண்ட பயணம் போய் வந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர் என்றால் கூடுதல் எச்சரிக்கை. எலும்பு முறிவு, காய்ச்சல், கீல்வாதத் தாக்கம் என்றால் தள்ளிப்போடுங்கள். கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், மருத்துவர் சம்மதம் இல்லாமல் வேண்டாம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போடுங்கள்: என்ன மாத்திரை, என்ன நோய், இன்று பாதம் எப்படி இருந்தது.

அடுத்தது உங்கள் கை. இந்தத் தொழிலை விட்டுப் போகிறவர்களைக் கேளுங்கள், கட்டைவிரலின் அடிமூட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். கம்பளிப்புழு ஊர்வதுபோல் கட்டைவிரலின் முதல் கணுவை மட்டும் மடக்கி மடக்கி நகர வேண்டும். பலம் மறுபக்கம் பிடித்திருக்கும் நான்கு விரல்களிலிருந்து வர வேண்டும். வாடிக்கையாளரின் பாதம் உங்கள் மார்பு உயரத்துக்கு வரும்படி நாற்காலியைச் சரிசெய்யுங்கள். குனிந்து வேலை செய்தால் இடுப்பு போய்விடும். எண்ணெய் வழுக்கும், துளி பவுடர் போதும், எண்ணெயைக் கடைசியில் தடவலாம். நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். தொடக்கத்தில் நாளைக்கு நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம், நடுவில் கால் மணி நேரம் கை ஓயட்டும்.

பயிற்சி எங்கே? இங்கே இதற்கென்று அரசுப் பதிவு மன்றம் இல்லாததால், மூன்று நாளில் சான்றிதழ் தருகிறவர்களும் உண்டு. சேரும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முடிப்பதற்குள் எத்தனை பேர் பாதத்தை என் கையால் பிடிப்பேன், பக்கத்தில் நின்று திருத்துவது யார்? பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். பிரிட்டனில் 2008-இல் தொடங்கிய சி.என்.எச்.சி. என்ற தன்னார்வப் பதிவேடு உண்டு; வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் அதன் பாடத் தரத்தை இப்போதே பார்த்துவைக்கலாம்.

கடைப் பலகையில் பெயருக்கு முன் "டாக்டர்" போடாதீர்கள். நோய்களின் பெயரையும் எழுதாதீர்கள். சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைத் தீர்ப்பதாக மருந்துகளையும் மாய நிவாரணங்களையும் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-இலிருந்தே நாட்டில் இருக்கிறது. "பாத ரிஃப்ளெக்ஸாலஜி – 45 நிமிடம்" என்பதும், கட்டணமும், நேரமும் போதும்.

அருகில் பாதச் சிகிச்சை பார்க்கும் மருத்துவர் ஒருவரைக் கடை திறக்கும் முன்பே நேரில் போய்ப் பார்த்துப் பேசிவிடுங்கள். புண்ணோடு வரும் முதல் ஆளை எங்கே அனுப்புவது என்று அன்றைக்கு யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அவருடைய மருத்துவமனை முகவரியை உங்கள் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில், பாத வரைபடத்துக்கு மேலே ஒட்டிவையுங்கள்.