பதினேழு தாளுக்குள் ஒரு பட்டம்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் குழித்துறை. திருவனந்தபுரத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். நான்காண்டுப் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். பழைய தாள்களில் கைவைக்கக் கூடாது என்கிறார்கள் மூத்தவர்கள். டெக்னோபார்க்கிலிருந்து வந்தவர்கள் இந்த வருடம் வேலைக்கு உதவும் கருவிகளின் பெயர்களைப் பட்டியலிட்டுத் தந்திருக்கிறார்கள். நிர்வாகம் ஏஐக்குத் தனிப் பட்டம் கேட்கிறது. குழுவிலேயே வயதில் சிறியவள் நான்தான். எங்கிருந்து தொடங்குவது?
ஒரு வாசகி, ஸ்ரீகாரியம்

பதில்: முதலில், கையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். 2024 ஜூலை 1 முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்த நான்காண்டுத் திட்டத்தில், மூன்றாண்டோடு முடித்துக்கொள்பவர் 133 கிரெடிட் எடுக்க வேண்டும். நான்காம் ஆண்டும் இருந்து ஆனர்ஸ் வாங்க 177. அந்த 133இல் மேஜருக்கு உரியவை 68, அதாவது நான்கு கிரெடிட் வீதம் 17 தாள்கள். மைனருக்கு 24. மொழி, பல்துறை, விழுமியம், திறன் என்ற பொதுப் பாடங்களுக்கு 39. இன்டர்ன்ஷிப்புக்கு 2. ஆக, உங்கள் குழுவில் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் இந்தப் 17 தாளைப் பற்றியதுதான். புதிதாக ஒன்றைக் கேட்பவர் எதை எடுக்கலாம் என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்ற விதியை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

ஏசிஎம், ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி, ஏஏஏஐ ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட சிஎஸ்2023 பரிந்துரையும் இந்தத் துறையை 17 அறிவுப்புலங்களாகத்தான் பிரிக்கிறது. எண் ஒத்துப்போகிறதே என்று புலத்துக்கு ஒரு தாள் போட்டுவிடாதீர்கள். சைபர் செக்யூரிட்டிக்கு ஒன்று, தொழில் அறத்துக்கு ஒன்று, மனித–கணினி ஊடாட்டத்துக்கு ஒன்று என்று பிரித்தால் எதிலும் ஆழம் இருக்காது. செக்யூரிட்டியை டேட்டாபேஸ் லேபிலும் நெட்வொர்க் லேபிலும் கற்பித்தால்தான் மனதில் தங்கும். தன் கையால் எழுதிய லாகின் பக்கத்தை வகுப்புத் தோழன் ஒரே வரி எஸ்க்யூஎல் கொடுத்து உடைப்பதைப் பார்த்த மாணவிக்கு அதற்குப் பிறகு தனி விரிவுரை தேவைப்படாது.

எது நிலைக்கும் என்று பார்க்க வரலாறு உதவும். ஏசிஎம் தன் முதல் பாடத்திட்டப் பரிந்துரையை 1968இல் வெளியிட்டது. டிஸ்கிரீட் கணிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், கணினியின் உள்ளமைப்பு, கம்பைலர் எல்லாம் அதிலேயே உண்டு. 1978, 1991, 2001, 2013 என்று திருத்தி எழுதும்போதெல்லாம் இவை பெயர் மாறின, இடம் மாறின, போகவில்லை. அன்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஃபோர்ட்ரானும் ஆல்காலும் இன்று உங்கள் வகுப்பில் இல்லை. உங்கள் மூத்தவர்கள் பழையது வேண்டும் என்று சொல்வதில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது. மறுபாதியில் எனக்கு உடன்பாடில்லை. 'தகவல் தொழில்நுட்ப அடிப்படைகள்' என்று மவுஸையும் பிரிண்டரையும் விவரிக்கும் தாளும், கருத்தே இல்லாமல் மெனுவை மட்டும் சொல்லித்தரும் தாளும் எங்கேயாவது மிச்சமிருந்தால் இந்த முறையே எடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் 12 தாள்களைக் கட்டாயமாக வைப்பேன். புரோகிராமிங்கும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் முதல் ஆண்டில். பிறகு டிஸ்கிரீட் கணிதம், கணினி அமைப்பு, அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும், ஆட்டோமேட்டாவையும் கம்பைலரையும் சேர்த்து ஒன்று, எந்திரக் கற்றல் ஒன்று, சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கோடு இணைந்த ஒரு பெரிய புராஜெக்ட். மீதி 5 விருப்பத் தாள்கள். நான்கைந்து ஆசிரியர்கள் மட்டும் உள்ள துறை ஏட்டில் பத்து விருப்பத் தாளை அச்சிட்டுவிட்டு, நடத்த ஆள் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே தாளைத் தள்ளிவிடுவது மாணவரை ஏமாற்றுவது. உண்மையில் நடத்த முடிந்த ஆறேழு போதும்.

கணிதத்தை மேஜருக்குள் வைத்ததைக் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் அதைத் துணைப்பாடம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாம். இப்போது மைனரை மாணவரே தேர்ந்தெடுக்கிறார், ஒருவர் கணிதம் எடுப்பார், இன்னொருவர் எகனாமிக்ஸ் எடுப்பார். நிகழ்தகவு படிக்காதவருக்கு ஐந்தாம் செமஸ்டரில் எந்திரக் கற்றல் நடத்தினால், ரெடிமேட் லைப்ரரியைக் கூப்பிட்டு விடையை வாங்கத்தான் தெரியும். விடை தப்பும்போது எங்கே தப்பியது என்று சொல்லத் தெரியாது. ஏஐ பட்டம் கேட்கும் நிர்வாகத்திடம் இதைச் சொல்லுங்கள். பதினெட்டு வயதில் பட்டத்தின் பெயரைக் குறுக்குவதைவிட, அகலமான பட்டத்தில் இரண்டு கணிதத் தாளைச் சேர்ப்பது அந்தப் பிள்ளைகளுக்கு ஏஐயில் நெடுநாள் உதவும்.

முதல் செமஸ்டர் தாளில்தான் நீங்கள் அதிகம் உழைக்க வேண்டும். முதலாண்டில் மேஜருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. பாரம் ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் வந்து இறங்குகிறது. இரண்டாம் செமஸ்டர் முடிவில் மாணவர் மேஜரை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. அதனால் அந்த ஒரு தாள், துறையில் நிலைப்பவருக்கும் விலகிப் போகிறவருக்கும் பயன்பட வேண்டும். வருகிறவர்கள் வெறும் கையோடும் வருவதில்லை. கேரளப் பள்ளிகளில் அரசின் ஐடி@ஸ்கூல் திட்டக் காலத்திலிருந்து, அதன் வழிவந்த இன்றைய கைட் நிறுவனம் வரை, கட்டற்ற மென்பொருள்தான். உயர்நிலை வகுப்பில் பைத்தானைத் தொட்டிருப்பார்கள், பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தவர் சி++ எழுதியிருப்பார். எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்குப் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். இவர்களை உட்காரவைத்து ஆறு வாரம் இஃப்–எல்ஸும் ஃபார் லூப்பும் மறுபடி நடத்தினால் முதல் மாதத்திலேயே ஆர்வம் செத்துவிடும். கணினியையே தொடாதவரும் அதே பெஞ்சில் இருப்பார் என்பதால், இருவரும் தொடங்கக்கூடிய ஆனால் யாரும் சீக்கிரம் முடித்துவிட முடியாத பயிற்சிகள் வேண்டும்.

ஒன்றைச் சொல்கிறேன். 'திருவனந்தபுரம்' என்ற பெயரை ஒரு யுடிஎஃப்-8 கோப்பில் தமிழில் அடிக்கச் சொல்லுங்கள். எத்தனை எழுத்து என்று கேளுங்கள். தி, ரு, வ, ன, ந், த, பு, ர, ம் என்று விரல்விட்டு எண்ணி 9 என்பார்கள். பைத்தானில் நீளத்தைக் கேட்டால் 14 என்று வரும். சி++ ஸ்ட்ரிங்கில் அதே பெயரைப் படித்து நீளம் கேட்டால் 42. மூன்று எண்ணும் சரிதான். 'தி' யூனிகோடில் 'த' என்ற குறியும் இகரக் குறியும் சேர்ந்தது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8இல் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் மலையாள மாணவர் தன் எழுத்தில் அதே பெயரை அடித்தால் 13, 39 என்று வரும். கடைசியில் உள்ள அனுஸ்வாரம் அங்கே ஒரே குறி, நமக்கு மகரமும் புள்ளியுமாக இரண்டு. அடுத்து, பெயரைத் தலைகீழாகத் திருப்பும் புரோகிராம் எழுதச் சொல்லுங்கள். சாதாரணமாகத் திருப்பினால் உயிர்க்குறிகள் பிரிந்து பக்கத்து மெய்யில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய முயலும்போது, நாம் காணும் எழுத்து, மென்பொருள் எண்ணும் குறி, நினைவகத்தில் கிடக்கும் பைட் என்ற மூன்று அடுக்கும் பிரிந்து தெரியும். இந்தப் பட்டம் முழுவதும் அப்படி ஓர் அடுக்கின் கீழ் இன்னோர் அடுக்கைப் பார்ப்பதுதான். தேறிய மாணவருக்கும் இது ஒரு மணி நேரத்தில் முடியாது.

கணினி அமைப்புத் தாளுக்கு ஊரிலேயே நல்ல துணை இருக்கிறது. பல இடங்களில் இன்னும் 8085 கிட்டை வைத்துத்தான் லேப் நடக்கிறது. 1976இல் வந்த சிப் அது. அதில் கற்க ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நகரத்து சி–டாக்கில் வேகா என்ற பிராசஸர் வரிசையை வடிவமைத்திருக்கிறார்கள். ரிஸ்க்–ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதி அதற்கு அடிப்படை. அதை வைத்து ஏரீஸ் என்ற பயிற்சிப் போர்டும் வந்திருக்கிறது. 32 பிட் ரிஸ்க்–ஃபைவின் அடிப்படைக் கட்டளைகள் சுமார் நாற்பதுதான், ஒரு செமஸ்டரில் மாணவர் முழுவதையும் கையாண்டுவிடலாம். தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ராக்கெட்டுகளுக்காக உருவாக்கிய விக்ரம் 3201 என்ற 32 பிட் பிராசஸர் 2025இல் வெளியாகியிருக்கிறது. பிராசஸர் வடிவமைப்பவர்கள் பஸ் பிடித்து வரும் தூரத்தில் இருக்கும்போது உங்கள் மாணவர்கள் அதைப் படத்தில் மட்டும் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அவர்களில் ஒருவரை உங்கள் குழுவுக்கு அழையுங்கள்.

டெக்னோபார்க்காரர்களின் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். 1990இல் தொடங்கிய ஐடி பூங்கா அது, வேலை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் கருவியின் பெயர் 17 தாளில் எதன் தலைப்பிலும் வரக் கூடாது. திறன் பாடங்களுக்கு 9 கிரெடிட் இருக்கிறது, அங்கே வைத்து ஆண்டுதோறும் மாற்றுங்கள். தாளில் ஐந்தில் ஒரு பங்கைப் பாடம் நடத்தும் ஆசிரியரே வகுத்துக்கொள்ளவும் திட்டம் இடம் தருகிறது. அதையும் பயன்படுத்துங்கள். அவர்களிடம் கருவிகளைக் கேட்பதைவிட, புதிதாகச் சேர்ந்தவர் எந்த இடத்தில் திணறுகிறார் என்று கேளுங்கள். பிறர் எழுதிய ஆயிரம் வரியைப் படிக்கத் தெரியவில்லை, பிழையைத் தேடத் தெரியவில்லை, செய்ததை இரண்டு பத்தியில் எழுதத் தெரியவில்லை என்பார்கள். இவற்றைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம்.

மூத்தவர்களைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். ஒரு தாளை எடுத்தால் ஒருவருடைய பணிநேரம் குறையும், அந்த அச்சம் நியாயமானது. அதனால் தாள்களின் பெயரிலிருந்து பேச்சைத் தொடங்காமல் வினாத்தாளிலிருந்து தொடங்குங்கள். மதிப்பெண்ணில் எழுபது சதவீதம் செமஸ்டர் தேர்வுக்குப் போகிறது. 'விவரி', 'வகைகளை எழுது' என்று கேட்டால் எவ்வளவு நவீனமாகப் பாடத்திட்டம் எழுதினாலும் மாணவர் நோட்ஸைத்தான் மனப்பாடம் செய்வார். மூன்றாண்டு முடித்தவர் கட்டாயம் விடை சொல்ல வேண்டிய ஐந்து வினாக்களை ஒவ்வொரு ஆசிரியரிடமும் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினால், யாருடைய தாள் யாருடையதோடு இணையலாம் என்பது அவர்களுக்கே தெரியவரும். உள்மதிப்பீட்டின் முப்பது சதவீதத்தில் ஒரு பங்கை வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்குங்கள். ஏஐ எழுதித் தந்த கோடோ, தானே எழுதியதோ, மாணவி அதை உங்கள் எதிரில் உட்கார்ந்து வரிவரியாக விளக்க வேண்டும், நீங்கள் சொல்லும் ஒரு மாற்றத்தை அங்கேயே செய்து காட்ட வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தை ஆசிரியரின் பணிநேரமாகவே கணக்கில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், தாள் குறைந்தவர்களின் கவலைக்கும் அதில் ஒரு வழி கிடைக்கும்.

கேள்வி: என் மகளுக்குத் திருவனந்தபுரத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வருடமும் படிக்க வைக்க வேண்டுமா, மூன்றோடு நிறுத்தலாமா? நல்ல பாடத்திட்டமா என்று எங்களைப் போன்ற பெற்றோர் எப்படித் தெரிந்துகொள்வது?
ஒரு தகப்பனார், மார்த்தாண்டம்

பதில்: நான்காம் ஆண்டைப் பற்றி இன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. மூன்றாண்டு முடித்தாலும் முழுப் பட்டம்தான். 2024இல் சேர்ந்த முதல் அணி 2027இல்தான் அந்த முடிவெடுக்கும் இடத்துக்கு வருகிறது. ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் நான்காம் ஆண்டு நல்லது. யுஜிசி விதிப்படி நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். முதுகலைதான் படிக்கப் போகிறாள் என்றால், சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு முடித்தவருக்கு ஓராண்டு முதுகலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் கூடுதலாகத்தான் போகும். வேலைக்குப் போக வேண்டும், வீட்டுச் சூழல் அப்படி என்றால் மூன்றோடு நிறுத்துவதில் எந்தக் குறையும் இல்லை.

பாடத்திட்டத்தைப் பார்க்க உங்களுக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் சீட்டு உறுதிசெய்யும் நாளில் மூன்று விஷயம் கேளுங்கள். சென்ற ஆண்டு விருப்பத் தாள்களில் உண்மையில் நடந்தவை எவை? லேபில் ஒரு மாணவிக்கு ஒரு கணினியா, மூன்று பேருக்கு ஒன்றா? மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டைக் கல்லூரியிலேயே செய்கிறார்களா, வெளியே காசு கொடுத்து வாங்கி வருகிறார்களா? மூன்றாவதைத் துறைத் தலைவரிடம் கேட்காதீர்கள். வராந்தாவில் நிற்கும் கடைசி ஆண்டு மாணவிகளிடம் உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள், ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவார்கள். மைனராகக் கணிதமோ புள்ளியியலோ கிடைத்தால் அதையே எடுக்கட்டும்.