பனியின் பதம்

பனிச்சறுக்கு என்ற மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்ணில் எழுவது, ரோப் காரில் உச்சிக்குச் சென்று அங்கிருந்து அம்பெனப் பாய்ந்து இறங்குவோரின் காட்சிதான். நான் சொல்லப்போவது அதனின்று வெகுவாக வேறுபட்ட ஒரு பிரயாணம். விடியற்காலையில் மலைக்குடில் ஒன்றை விட்டுக் கிளம்பி, பனியாறுகளைக் கடந்து, கணவாயின்மேல் ஏறி, மறுபுறம் சறுக்கி இறங்கி, பிற்பகலில் அடுத்த குடிலை அடைந்து, உண்டு உறங்கி, மறுநாளும் அவ்வாறே தொடரும் இந்த யாத்திரையில் பொழுதின் பெரும்பகுதி ஏறுவதிலேயே கழிகிறது. ஏறுவதற்கென்று ஸ்கீ என்னும் சறுக்குக் கட்டையின் அடிப்பாகத்தில் நீண்ட பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்கிறோம். அதன் ஒரு பக்கம் பசை, மறுபக்கம் பின்னோக்கிப் படிந்த ரோமம். கட்டை முன்னே வழுக்கிச் செல்லும். பின்னே வழுக்க ரோமம் இடங்கொடாது. முற்காலத்தில் சீல் என்னும் கடற்பிராணியின் தோலால் ஆன இப்பட்டை இப்பொழுது அங்கோரா ஆட்டின் ரோமத்தாலும் நைலானாலும் செய்யப்படுகிறது என்றாலும், பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதைச் ‘சீல் தோல்’ என்றே அழைக்கிறார்கள்.

உத்தியோக நிமித்தம் ஜெனீவாவில் குடியேறி, நாற்பது வயதுக்குமேல் பனிச்சறுக்குப் பயின்ற நான், பிரான்சிலுள்ள ஷாமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை செல்லும் ‘ஓட் ரூட்’, அதாவது உயர்வழி எனப்படும் பாதையில் இருமுறை வழிகாட்டியோடு சென்றிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து ஆல்பைன் கிளப்பைச் சேர்ந்தவர்கள் கோடைகால நடைவழியாக வகுத்த பாதை அது. 1911-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில்தான் ஸ்கீயின் துணையோடு அது முதன்முதலாகக் கடக்கப்பட்டது. ஆறு அல்லது ஏழு நாள் பிரயாணம். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிவரை அதற்குரிய பருவம்.

பருவம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் இந்த யாத்திரை முழுவதையும் ஆளுவது, நம் பாட்டிமார் வெல்லப்பாகு காய்ச்சும்போது கண்ணிமைக்காமல் காத்திருப்பார்களே, அந்தப் பதம் என்ற விஷயந்தான். வசந்தகாலத்தில் பகல் வெயிலில் இளகும் பனி இரவில் இறுகிப் பாறையாகிறது; காலை வெயில் ஏற ஏற, மேற்பரப்பு ஓர் அங்குலத்துக்கு ரவைபோல நெகிழ்கிறது; அந்த வேளையில் சறுக்குவதைப் போன்ற சுகம் வேறில்லை. அதற்கு முன்பானால் கட்டையின் விளிம்பு பிடிக்காது. பின்பானால் பனி கூழாகிக் கால் புதைவதோடு, நனைந்த சரிவு முழுவதுமே பெயர்ந்து வரவும் கூடும். ஒரே மலையில் கிழக்கு முகம் பதமாகும்போது வடக்கு முகம் உறைந்தே கிடக்கும். இந்தக் கணக்கை அறிந்தவர் வழிகாட்டி. அவருக்கு நாம் கொடுக்கும் ஊதியம் பெரும்பாலும் இந்த அறிவுக்கே என்பதை முதல் யாத்திரையில் நான் உணர்ந்திருக்கவில்லை.

வழிகாட்டியின் சட்டையில் சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சின்னம் இருக்கவேண்டியது அவசியம். அதைப் பெறப் பல ஆண்டுப் பயிற்சியும் கடுமையான பரீட்சைகளும் உண்டு. ஷாமோனியில் 1821-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டிகளுக்கென்று ஒரு சங்கம் தோன்றிவிட்டது. இந்த வழியில் வழக்கமாக ஆறு பேருக்கு ஒருவர் வருவார். அமர்த்துவதற்கு முன் கட்டணத்தை மட்டும் விசாரிக்காமல், எத்தனை முறை பாதியில் திரும்பியிருக்கிறார், எந்தக் காரணங்களால் திரும்பினார் என்றும் கேளுங்கள். நல்லவர் அதைத் தயங்காமல் விஸ்தாரமாகச் சொல்லுவார்.

முதல் யாத்திரையின் முதல் நாள் அர்ஜென்தியேர் பனியாற்றின்மேல் நாங்கள் ஐந்து பேர் வரிசையாக நடந்தபோது, முன்னால் சென்ற வழிகாட்டி திரும்பிப் பார்க்காமலே, “நீங்கள் காலைத் தூக்குகிறீர்கள்” என்று என்னிடம் சொன்னார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்தேன். ஒலியிலிருந்து அறிந்தார். கட்டையைத் தூக்கி வைத்தால் பனியில் ‘டப் டப்’ என்று அடிக்கும்; இழுத்துச் சென்றால் பட்டுப் புடைவை தரையில் உரசுவதுபோன்ற மெல்லிய ஓசை மட்டுமே எழும். தூக்கும் ஒவ்வொரு முறையும் காலணியும் கட்டையும் சேர்ந்து சில கிலோ எடையை உயர்த்துகிறோம். ஒரு நாளில் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறும்போது அது எத்தனை ஆயிரம் முறை என்று எண்ணிப் பாருங்கள். அன்று மாலைவரை நான் என் கால்களின் ஓசையைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். அவருடைய நடையின் வேகம் காலையில் மந்தமாகத் தோன்றியது. பேசிக்கொண்டே போகக்கூடிய அந்த வேகம் ஐந்து மணி நேரம் கழிந்தும் மாறாதிருந்தபோதுதான் அதன் பெருமை விளங்கிற்று. சரிவு செங்குத்தாகும் இடங்களில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு காலை உதறி எதிர்த்திசைக்குத் திருப்பும் வித்தையை, ஊரில் சமதரையில் நூறு முறையாவது பழகிவிட்டு வருவது உசிதம்.

அன்றே ஒரு பிழையும் செய்தேன். குதிகாலில் காலணி உரசுவதை உணர்ந்தும், மற்றவர்களை நிறுத்தக் கூச்சப்பட்டு, அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். ஓய்வு வந்தபோது தோல் உரிந்திருந்தது. அதன்பின் ஐந்து நாளும் அந்தப் புண்ணோடு நடந்தேன். உரசல் தெரிந்த நொடியிலேயே நிறுத்தச் சொல்லி பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷம் நின்றதற்காக எந்த வழிகாட்டியும் முகம் சுளிக்கமாட்டார்.

மறுநாள் ஷார்தொனே கணவாயைக் கடந்தோம். அதன் மறுபுறம் மிகச் செங்குத்தாகையால், வழிகாட்டி கயிற்றில் ஒவ்வொருவராக எங்களை இறக்கினார். அப்படி இறங்கியது சுவிஸ் பனியாறு ஒன்றின்மேல். சுவிஸ் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் பனியளவில் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கின்றன. உருகி மெலிந்துவரும் அவற்றின்மேல் பழைய நூல்கள் காட்டும் தடத்தை அப்படியே நம்பிச் செல்ல முடியாது. அன்று பிற்பகலில், இடையில் ஒரு சிறு இறக்கத்துக்காகக் கழற்றிய தோல்பட்டைகளை முதுகுப்பையில் திணித்திருந்தேன். மீண்டும் ஒட்ட முயன்றபோது குளிரில் பசை செத்துப்போய், பட்டை வாழைநார்போலத் தொங்கிற்று. வழிகாட்டி தம் பையிலிருந்து ரப்பர் வார் எடுத்துச் சுற்றிக் கட்டிவிட்டு, தம் மேலங்கியைத் திறந்து காட்டினார். அவருடைய பட்டைகள் இரண்டும் மார்போடு அணைந்திருந்தன. உடம்புச் சூட்டில் பசை உயிரோடு இருக்குமாம். அன்றுமுதல் நானும் கழற்றியவுடன் அவற்றை மார்புக்குள் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன்.

முதுகுச் சுமையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அபாயம் நேர்ந்தால் உதவும் மூன்று பொருள்களில் மாத்திரம் சிக்கனம் கூடாது: பனிக்குள் புதைந்தவரின் இருப்பிடத்தை ரேடியோ அலையால் காட்டும் டிரான்ஸீவர், துழாவுகோல், அலுமினிய மண்வாரி. பனிச்சரிவில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைப்பதற்குரிய நம்பிக்கை அதிகம். ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்த அவகாசம் கடந்துவிடும். ஆகவே காப்பாற்றவேண்டியவர்கள் உடன் வந்திருப்பவர்களே. இவற்றோடு பனியாற்றுக்குரிய இடுப்புவார், காலணியில் மாட்டும் இரும்பு முட்கள், பனிக்கோடரி ஆகியனவும் சேரும். மற்றதெல்லாம் குறையவேண்டும். ஏழெட்டுக் கிலோவுக்கு மேற்பட்ட பை இறக்கத்தில் நம்மை ஆட்டிவைக்கும். முதல்முறை நான் கொண்டுபோன இரண்டு மாற்றுச் சட்டைகளையும் தடித்த புத்தகத்தையும் திறக்கவே இல்லை. வெயிலுக்கான களிம்பை மட்டும் தாராளமாகக் கொண்டுபோய், மூக்குத் துவாரத்தின் அடிப்புறத்திலும் தாடையின் கீழும் தடவுங்கள். பனியில் பிரதிபலிக்கும் ஒளி கீழிருந்தும் சுடுகிறது. மீட்புச் செலவுக்கான காப்புறுதி இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

குடில்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் திருப்தி உண்டாவதில்லை. மூவாயிரம் மீட்டர் உயரத்தில், சுற்றிலும் பனியும் பாறையுமாக இருக்கும் இடத்தில், கதவைத் திறந்தவுடன் ஈரக் காலணிகளின் வாடையும் சூப்பின் மணமும் கலந்து வந்து முகத்தில் மோதும். ஸ்கீக்களை வெளியே நட்டுவிட்டு, காலணிகளை அதற்குரிய அறையில் கழற்றி, அங்கே அடுக்கியிருக்கும் செருப்பில் கால் நுழைக்கும்போது உண்டாகும் நிம்மதியை அனுபவித்தவரே அறிவர். பல குடில்களில் குழாய் இல்லை. பனியை உருக்கியே தண்ணீர். ஆகையால் குடிநீருக்கு விலை உண்டு, குளியலுக்கு வழியில்லை. ரொக்கம் கொண்டுபோவது நலம். மாலை ஆறரைக்கு எல்லோருக்கும் ஒரே ஆகாரம். நம்மைப்போல் சைவம் உண்பவர்கள் இடம் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் மலர்ந்த முகத்தோடு தயாரித்துக் கொடுக்கிறார்கள். நீண்ட மேடைகளில் தோளோடு தோளாக நித்திரை. போர்வை அங்கேயே கிடைக்கும், மெல்லிய பட்டு உறை ஒன்றும் காதடைப்பானும் நம்முடையவை. ஒரு மரியாதை உண்டு: விடியுமுன் இருட்டில் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று துழாவி அயலாரின் தூக்கத்தைக் கெடுக்காமல், இரவே பையைக் கட்டி வைத்துவிட வேண்டும். குடிலின் பதிவேட்டில் மறுநாள் செல்லும் வழியை மறவாமல் எழுதுங்கள். தேட நேர்ந்தால் தேடுவோருக்கு அதுவே திசைகாட்டும். பதிவு செய்த குடிலுக்கு வர இயலாவிட்டால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லாதவரை நினைத்து அந்தக் குடில்காப்பாளர் இரவெல்லாம் கவலைப்படுவார்.

ஐந்தாம் நாள் பிராஃப்ளூரி குடிலிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, 285 மீட்டர் உயரமுள்ள கிராந்த் திக்ஸான்ஸ் அணை தேக்கிவைத்திருக்கும் நீண்ட ஏரியின் மேற்குக் கரைச் சரிவை அடைந்தோம். கிழக்கு நோக்கிய சரிவு அது. சூரியன் முதலில் தொடும் இடம். அதனால்தான் எங்களை அவ்வளவு சீக்கிரம் எழுப்பினார் என்பது அங்கே புரிந்தது. ஒருவருக்கொருவர் ஐம்பது மீட்டர் இடைவெளிவிட்டு, சம்பாஷணை ஏதுமின்றிக் கடந்தோம். திஸ் குடிலை அடைந்து உட்கார்ந்த நேரத்தில், தூரத்தே ஏரிப்பக்கத்திலிருந்து பனி சரியும் ஓசை கேட்டது. அவர் தேநீர்க் கோப்பையிலிருந்து நிமிரவில்லை. மணிக்கட்டுக் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலைதான் எங்களுக்குள் மனத்தாங்கல் உண்டாயிற்று. மறுநாள் பிஞ் தரோலா சிகரத்தின் மேல் ஏறி வின்யெத் குடிலுக்கு இறங்கவேண்டும். அதன் மறுநாள் ஸெர்மாட். வானம் நிர்மலமாக இருந்தது. ஆனால் ஐந்து மணிக்குத் தாவோஸிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கையையும் வானிலைக் குறிப்பையும் படித்த வழிகாட்டி, பிற்பகலில் தெற்கிலிருந்து புயல் வரும் என்றும், காலையில் ஷேவ்ர் கணவாய் வழியாக அரோலா கிராமத்துக்கு இறங்கி யாத்திரையை முடித்துக்கொள்வதே சரி என்றும் சொன்னார். காலையிலேயே வேகமாகப் போய்விடலாமே என்று நான் வாதாடினேன். ஓராண்டு சேமித்த பணமும் விடுமுறையும் கண்முன் நின்றன. அவர் குரலை உயர்த்தாமல், சில ஆண்டுகளுக்கு முன், 2018 ஏப்ரல் 29 அன்று இதே குடிலிலிருந்து இதே வழியில் சென்ற பதினான்கு பேரைப் புயல் சூழ்ந்ததையும், வின்யெத் குடிலுக்குச் சில நூறு மீட்டர் தூரத்தில் அவர்கள் இரவு முழுவதும் வெட்டவெளியில் நின்றதையும், அவர்களில் ஏழு பேர் மாண்டதையும் சொன்னார். அந்தப் பனிமூட்டத்தில் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது என்றார். எங்கள் மேஜையில் வெகுநேரம் எவரும் பேசவில்லை.

காலையில் பாறையில் பதித்த இரும்பு ஏணிகளில், ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு ஷேவ்ர் கணவாயில் ஏறி, அரோலாவுக்கு இறங்கினோம். வெயில் பளீரென்று அடித்தது. அஞ்சல் பேருந்துக்காகக் காத்திருந்தபோதும் வானம் நீலமாகவே இருந்ததால், என் உள்ளத்தில் ஆற்றாமை அடங்கவில்லை. பேருந்து பள்ளத்தாக்கில் பாதி வழி இறங்குகையில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். காலையில் நாங்கள் நின்ற முகடுகள் யாவும் மறைந்து, அந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று எழுந்திருந்தது. வழிகாட்டி உறங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊர் வந்து கடிதம் எழுதினேன்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவரோடேயே மறுபடியும் சென்றேன். கடைசி நாள் வின்யெத்திலிருந்து இருட்டில் கிளம்பி, லெவெக் கணவாயையும், ஸ்கீயைச் சுமந்து ஏறவேண்டிய மோன் புரூலே கணவாயையும் கடந்து, மூன்றாவதான வால்பெலீன் கணவாயை முற்பகலில் அடைந்தோம். எதிரே மாட்டர்ஹார்ன் சிகரம், நாம் படங்களில் காணாத முகத்தைக் காட்டிக்கொண்டு, வெகு அருகில் நின்றது. கீழே இறங்கத் துடித்த எங்களைக் கையமர்த்திவிட்டு, அவர் சரிவின் விளிம்புக்குச் சென்று ஊன்றுகோலின் முனையைப் பனியில் குத்தினார். ‘டக்’ என்றது. “உட்காருங்கள்” என்றார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மீண்டும் குத்தினார், இம்முறை ஒலி எழாமல் கோல் ஓர் அங்குலம் அமிழ்ந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிளவுகளுக்கிடையே அவர் தடத்தின்மேலேயே தடம் வைத்து, அந்தச் சிகரத்தின் பெரிய வடக்கு முகத்தின் அடியில், வளைவுக்குப்பின் வளைவாக இறங்கினோம். ஸ்முட் என்ற சிற்றூரின் அருகில் பனி மெலிந்து முதல் தேவதாரு மரங்கள் தோன்றியபோது, ஓடை நீரின் சலசலப்பு ஒரு வாரத்துக்குப் பின் காதில் விழுந்தது.

அன்றிரவு ஜெனீவா ரயிலில் உட்கார்ந்து மேலங்கியைத் தளர்த்தியபோதுதான், கணவாயில் கழற்றிய தோல்பட்டைகள் இரண்டும் என் மார்பிலேயே இருப்பதைக் கண்டேன். இனி ஏறுவதற்கு ஏற்றம் இல்லை. ஆயினும் பசை இளஞ்சூடாகவே இருந்தது.