அழிந்த படம் எங்கே போயிற்று?

உங்கள் அக்காவின் திருமணம். மாமா தம்முடைய டிஜிட்டல் காமிராவை உங்கள் கையில் கொடுத்து, "நீயே படம் எடு" என்று சொல்லிவிட்டார். நீங்களும் ஓடி ஓடி நூறு படங்கள் எடுத்தீர்கள். அவற்றுள் ஒன்றில் உங்கள் பாட்டி, பொக்கை வாய் திறந்து சிரிக்கிறார். இரவு மெமரி கார்டைக் கணிப்பொறியில் செருகுகிறீர்கள். சில படங்கள் திறக்கவே மறுக்கின்றன. பாட்டியின் படமோ மேல்பாதி சரியாகவும், கீழ்ப்பாதி ஊதா நிறக் கோடுகளாகவும் தெரிகிறது. திருமணத்தை மறுபடி நடத்த முடியுமா? பாட்டியைத்தான் அதே போலச் சிரிக்கச் சொல்ல முடியுமா?

மனம் தளர வேண்டாம், நண்பர்களே! இத்தகைய படங்களில் பலவற்றை மீட்டுவிடலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த கார்டில் இனிமேல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. ஏன் இந்த நிபந்தனை? அதைப் புரிந்துகொள்ள, படம் கார்டுக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

நெகட்டிவும் அச்சுப்படமும்

பிலிம் காமிரா இருந்த காலத்தில் முதலில் நெகட்டிவ் கிடைக்கும். அதிலிருந்து அச்சுப்படம் போடுவார்கள். டிஜிட்டல் காமிராவிலும் இந்த இரண்டு வகை உண்டு. ஜேபெக் என்னும் கோப்பு அச்சுப்படம் போன்றது, உடனே பார்க்கலாம். 'ரா' என்னும் கோப்பு நெகட்டிவ் போன்றது. காமிரா கண்டதை அப்படியே எண்களாகக் குறித்து வைத்திருப்பது அதுவே.

காமிராவின் லென்சுக்குப் பின்னால் கோடிக்கணக்கான நுண்ணிய ஒளி உணர் அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிற வடிகட்டி. நான்கு அறைகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்பது கணக்கு. நம் கண் பச்சை ஒளியை நன்றாக உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் இந்த அமைப்புக்கு 1976-இல் காப்புரிமை பெற்றார்.

ஒவ்வோர் அறையும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை ஓர் எண்ணாகச் சொல்கிறது. ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தாம். ரா கோப்பில் 14 பிட் பயன்படுத்தினால் 16,384 படிகள்! காமிராவில் 2 கோடியே 40 லட்சம் அறைகள் இருப்பதாகக் கொள்வோம். அதை 14-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு படத்துக்கு 4 கோடியே 20 லட்சம் பைட் இடம் வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தப் பல காமிராக்கள் இந்த எண்களைச் சுருக்கி எழுதுகின்றன.

இன்னொரு செய்தியை இங்கே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ரா கோப்புக்குள் காமிராவின் பெயர், நாள், நேரம் ஆகிய குறிப்புகளும், பெரும்பாலும் ஒரு ஜேபெக் படமும் சேர்ந்தே இருக்கும். காமிராவின் முதுகுத் திரையில் நாம் பார்ப்பது இந்த உட்படத்தைத்தான். பின்னால் இது நமக்குக் கைகொடுக்கப் போகிறது.

கார்டுக்குள் ஒரு நூலகம்

மெமரி கார்டில் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா இதை 1984-இல் உலகுக்கு அறிவித்தார். மின்சாரம் கடத்தாத சுவருக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி வைப்பதே இதன் அடிப்படை. காமிராவை அணைத்தாலும் அவை வெளியேறுவதில்லை. படமும் மறைவதில்லை.

கார்டின் இடம் முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டம் 32 கிலோபைட் என்றால், 25 மெகாபைட் உள்ள ஒரு படத்துக்கு 800 கட்டங்கள் தேவை. எந்தப் படம் எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பதைச் சொல்ல இரண்டு பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியலில் படத்தின் பெயர், அளவு, தொடங்கும் கட்டத்தின் எண் ஆகியவை இருக்கும். இரண்டாவது பட்டியல், ஒரு கட்டத்துக்கு அடுத்த கட்டம் எது என்று சங்கிலி போலச் சொல்லிக்கொண்டே போகும். ஃபேட் என்று பெயர் பெற்ற முறை இது.

இப்பொழுது நீங்கள் ஒரு படத்தை 'அழிக்கிறீர்கள்'. காமிரா என்ன செய்கிறது தெரியுமா? முதல் பட்டியலில் அப்படத்தின் பெயருடைய முதல் எழுத்தை எடுத்துவிட்டு, அங்கே 229 என்ற எண்ணை எழுதுகிறது. இரண்டாவது பட்டியலில் அந்தச் சங்கிலியைச் சுழியாக்குகிறது. அவ்வளவுதான். அந்த 800 கட்டங்களைத் தொடுவதே இல்லை!

உங்கள் பள்ளி நூலகத்தை எண்ணிப் பாருங்கள். பதிவேட்டில் ஒரு நூலின் பெயரை அடித்துவிட்டால், அலமாரியிலிருந்து அந்த நூல் பறந்து போய்விடுமா? அங்கேயேதான் இருக்கும். ஆனால் அந்த இடம் காலி என்று நம்பி நூலகர் வேறொரு நூலை அங்கே வைக்கும்போதுதான் பழையது போகும். புதுப் படம் எடுக்கக் கூடாது என்று முதலில் சொன்னதன் காரணம் இப்பொழுது புரிகிறதல்லவா?

படம் எழுதப்படும்போது பாட்டரி தீர்ந்தாலோ, கார்டைப் பிடுங்கினாலோ இதேபோன்ற குழப்பம் நேரும். நூல் அலமாரிக்கு வந்திருக்கும்; பதிவேட்டில் அதன் பெயர் ஏறியிருக்காது.

செவ்வாயில் ஒரு சிக்கல்

பதிவேட்டில் நேர்ந்த இத்தகைய குழப்பம் ஒன்று, 17 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு விண்கலத்தையே முடக்கிப் போட்டது. 2004 ஜனவரி 4 அன்று ஸ்பிரிட் என்னும் ஊர்தி செவ்வாயில் இறங்கியது. அது எடுக்கும் படங்களைச் சேமிக்க 256 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம் இருந்தது. அதில் பதிவேடு வைக்கும் முறையும் ஃபேட் முறையே.

ஜனவரி 21 அன்று ஸ்பிரிட் ஒழுங்காகப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. அதன் கணிப்பொறி தானே நின்று, தானே தொடங்கி, மறுபடி நின்றது. மூன்று நாள்களில் அறுபது முறைக்கும் மேல் இப்படி! இரவில் உறங்கி மின்சாரத்தைச் சேமிக்க வேண்டிய ஊர்தி, உறங்காமல் பாட்டரியைத் தீர்த்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

காரணம் என்ன? கோப்புகளை அழித்தாலும் பதிவேட்டில் அவற்றின் வரிகள் அடித்த வரிகளாக இருந்துகொண்டேயிருந்தன. பயணத்தின் ஏழு மாதங்களிலும், இறங்கிய பின்பும் சேர்ந்த கோப்புகளால் பதிவேடு பெருத்துவிட்டது. கணிப்பொறி விழித்தவுடன் பதிவேட்டைத் தன் வேலை நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெருத்த பதிவேடு அங்கே கொள்ளவில்லை. ஆகவே கணிப்பொறி நின்றது, தொடங்கியது, மறுபடி அதே பதிவேட்டைப் படித்து மறுபடி நின்றது.

கலிபோர்னியாவிலிருந்த பொறியாளர்கள், "ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே விழித்துக்கொள்" என்று ஊர்திக்கு ஆணை அனுப்பினார்கள். அது அமைதியடைந்தது. பிறகு வேண்டாத கோப்புகளை நீக்கினார்கள். பிப்ரவரியில் நினைவகத்தையே புதிதாக ஒழுங்குபடுத்தினார்கள். 90 நாள் உழைக்கத் திட்டமிட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் வரை நம்மோடு பேசிக்கொண்டிருந்தது!

சிக்கல் வந்ததும் பொறியாளர்கள் முதலில் என்ன செய்தார்கள் என்பதைக் கவனித்தீர்களா? பழுதான நினைவகத்தைத் தொடாமல் விட்டார்கள். நாமும் அவ்வழியே செல்வோம்.

மீட்பது எப்படி?

முதலாவதாக, காமிராவை அணைத்துவிட்டு கார்டை வெளியே எடுங்கள். எஸ்.டி. கார்டு என்றால் பக்கத்தில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைப் பூட்டு நிலைக்குத் தள்ளுங்கள். கணிப்பொறி, "இந்த கார்டை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவதாக, கார்டின் முதல் கட்டம் முதல் கடைசிக் கட்டம் வரை ஒன்று விடாமல் படியெடுத்து, ஒரே கோப்பாகக் கணிப்பொறியில் வையுங்கள். இதற்கென்று இலவச நிரல்கள் உள்ளன. இனி எல்லா வேலையும் இந்தப் படியின் மீதுதான். சாகும் தறுவாயிலுள்ள கார்டைத் திரும்பத் திரும்பப் படித்தால், இருப்பதும் போய்விடக் கூடும்.

மூன்றாவதாக, பதிவேட்டை நம்பாமல் அலமாரியையே தேட வேண்டும். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் 255, 216, 255 என்று தொடங்கி 255, 217 என்று முடியும். பல நிறுவனங்களின் ரா கோப்புகள் 73, 73, 42, 0 என்று தொடங்குகின்றன. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய போட்டோரெக் போன்ற நிரல்கள், இந்த அடையாளங்களைத் தேடிப் படங்களைப் பிரித்தெடுக்கின்றன. அதை நீங்களும் விலையின்றிப் பயன்படுத்தலாம். மீட்ட படங்களை அதே கார்டில் சேமித்துவிடாதீர்கள்!

காலியான கார்டில் காமிரா கட்டங்களை வரிசையாக நிரப்புகிறது. ஆகவே தொடக்கம் கிடைத்தால் தொடர்ச்சியும் பக்கத்திலேயே கிடைக்கும். இடையிடையே படங்களை அழித்திருந்தால், புதுப் படம் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். அதைக் கோப்பது கடினம்.

பாதி கெட்ட படம்

பாட்டியின் படத்தில் மேல்பாதி மட்டும் நன்றாக இருந்தது ஏன்? ஒரு சோதனை செய்து பாருங்கள். 50, 52, 51, 53, 53, 54 என்ற எண்களைத் தாளில் எழுதுங்கள். இவற்றைச் சுருக்க, முதல் எண்ணையும் பிறகு வேறுபாடுகளையும் மட்டும் எழுதலாம்: 50, +2, −1, +2, 0, +1. இந்தத் தாளை நண்பரிடம் கொடுக்குமுன், −1 என்பதை −9 என்று மாற்றிவிடுங்கள். நண்பருக்குக் கிடைப்பது 50, 52, 43, 45, 45, 46. பிழை ஓரிடத்தில்தான், ஆனால் அதற்குப் பின் வரும் எல்லா எண்களும் எட்டு குறைந்துவிட்டன! சுருக்கிய ரா கோப்பிலும் ஒரு பிழை இப்படித்தான் பின்னே வருவனவற்றையும் கெடுத்துக்கொண்டே போகிறது.

அப்படியானால் கீழ்ப்பாதி போனது போனதுதானா? இங்கேதான் அந்த உட்படம் உதவுகிறது. அது கோப்பின் வேறொரு பகுதியில் தனியாக இருக்கிறது. பிழை அங்கே தொடாதிருந்தால், 255, 216 என்ற அடையாளத்தைப் பிடித்து அதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம். பல காமிராக்களில் அது முழு அளவுப் படமாகவே இருக்கும். நெகட்டிவ் கெட்டாலும் அச்சுப்படம் மிஞ்சும். பாட்டியின் சிரிப்பும் மிஞ்சும்.

ஆனால் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கட்டத்தின் மேல் புதியது எழுதப்பட்டுவிட்டால் பழையதை எந்த நிரலாலும் கொண்டுவர இயலாது. இன்றைய கைபேசியின் உள் நினைவகத்தில் அழித்த இடத்தை உண்மையாகவே துடைத்துவிடும் ஏற்பாடு இருப்பதால், அங்கே இம்முறை பெரும்பாலும் பலிக்காது.

அழித்த படம் இருந்துகொண்டேயிருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. பழைய கார்டைப் பிறருக்குக் கொடுத்தால், நீங்கள் அழித்துவிட்டதாக நினைக்கும் படங்களும் அதனுடன் போகின்றன. கொடுக்குமுன் கார்டு முழுவதையும் வேறு ஏதேனும் கோப்புகளால் நிரப்பிவிடுங்கள். உங்கள் அரிய படங்களுக்கோ, எடுத்த அன்றே வேறோர் இடத்தில் ஒரு படி எடுத்து வையுங்கள். மீட்கும் வித்தை தெரிந்தவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

சிந்தியுங்கள்

1. 64 கிலோபைட் கட்டங்கள் உள்ள கார்டில் 30 மெகாபைட் படம் எத்தனை கட்டங்களைப் பிடிக்கும்?

2. பதிவேடு முழுவதும் கெட்டுப்போன கார்டிலும் போட்டோரெக் வேலை செய்வது எப்படி?

3. படங்களைக் கணிப்பொறிக்கு மாற்றிய பின், ஒவ்வொன்றாக அழிப்பதைவிட கார்டை ஒட்டுமொத்தமாகக் காலி செய்வது நல்லது. ஏன்?