பரிசலில் போகும் அப்பாவுக்கு ஒரு சுரைப்புருடை

 

நம்ம பள்ளிக்கூடத்தில் நிறைய பேரோட அப்பா மேட்டூர் அணையில் மீன் பிடிக்கிறாங்க. எங்க அப்பாவும்தான். அதனால் பரிசலில் பாதுகாப்பாக மீன் பிடிப்பது பற்றி இந்தச் சுவர் இதழில் எழுதுகிறேன்.

மேட்டூர் அணை 1925-ல் கட்ட ஆரம்பித்து 1934-ல் முடிந்தது. தண்ணீர் தேங்கும் பகுதிக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பார்க்க ஏரி மாதிரி அமைதியாக இருக்கும். ஆனால் காத்து வந்துட்டா அலை கடல் மாதிரி அடிக்கும்.

போன வருஷம் ஆடி மாசம் ஒருநாள் சாயங்காலம் அப்பா பண்ணவாடிப் பக்கம் வலை விடப் போனார். திடீர்னு மேற்கே இருந்து பெருங்காத்து. ஆடிக் காத்தில் அம்மியே பறக்கும் என்பார்கள், பரிசல் எம்மாத்திரம்? ராத்திரி முழுக்க அம்மாவும் நானும் கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். செல்போன் நனைஞ்சு போச்சு போல, எடுக்கவே இல்லை. காத்து அவரை எதிர்க்கரை நாகமரைப் பக்கம் தள்ளிவிட்டது. விடிஞ்சுதான் வந்தார். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே, ஏன் அழறே?" என்றார்.

நீச்சல் மட்டும் போதுமா? போதாது. காரணம் சொல்கிறேன்.

1. பரிசல் வட்டமானது, அடி தட்டையானது. காத்தில் சுத்தும், நேராகப் போகாது. எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் மேலே போய்ச் சீக்கிரம் கவிழும். உட்கார்ந்துதான் வலை இழுக்கணும்.

2. வலை காலில் சுத்தினால் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரரும் நீந்த முடியாது. கையில் எட்டுற மாதிரி ஒரு கத்தி வேணும்.

3. தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அதுபோல பாறைகளும் இடிந்த சுவர்களும் தண்ணிக்குள்ளேயே மறைஞ்சிருக்கும். மோதினால் பரிசல் கிழியும்.

4. கர்நாடகாவில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் உபரி நீர் திறந்தால் இங்கே வரத்து கூடும். வெள்ள எச்சரிக்கை வந்தால் அன்னிக்குப் போகவே கூடாது.

5. பரிசல் கவிழ்ந்தால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. மூங்கில் மிதக்கும், அதையே பிடிச்சுக்கணும். கரையில் இருக்கிறவங்க குதிக்காமல் கயிறோ சேலையோ வீசணும். உடனே 108-க்கு போன் பண்ணணும்.

எல்லாத்துக்கும் மேலே, உடம்போடு மிதக்கும் பொருள் ஒன்று இருக்கணும். லைஃப் ஜாக்கெட்தான் சிறந்தது. அது இல்லையே என்று சும்மா போகலாமா? ஆர்க்கிமிடீஸ் தத்துவம் படிச்சோமே! ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குதோ, அந்த நீரின் எடைதான் மிதப்பு விசை. மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி எண்ணெய்க் கேன் முழுசா அமுங்கினால் 5 கிலோ தண்ணீரை விலக்கும். தலை மேலே நிற்க ஒருத்தருக்குச் சில கிலோ விசையே போதும். ஆனால் மயங்கினவரின் முகத்தைக் கேன் தூக்கிப் பிடிக்காது. அதற்கு நல்ல லைஃப் ஜாக்கெட்தான் வேணும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "ஊரே சிரிக்கும்" என்றார். நான் விடவில்லை. "எனக்குக் கிணத்தில் நீச்சல் பழக்கும்போது முதுகில் சுரைப்புருடை கட்டினீங்களே, அப்போ யாராவது சிரிச்சாங்களா?" என்று கேட்டேன். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் பார்த்தால் அடுப்படியில் இருந்த காலி எண்ணெய்க் கேனைக் காணோம்!

தோழர்களே, இன்னிக்கு உங்க வீட்டிலும் ஒரு கேனைத் தேடுங்க. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அப்பா வீடு வந்து சேரணும், அதுதான் முக்கியம்.



– 9ஆம் வகுப்பு மாணவி