செவிக்கருவியும் அதன் உறுதிமொழியும்

கல்விக்கு வாயில்கள் கண்ணும் செவியும் ஆகும். சிலர்க்கோ செவி ஒன்றே வாயில். திருக்குறளிலும் கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்வி தனியோர் அதிகாரமாக நிற்கின்றது. அக்கேள்வியில் ஒரு பகுதி இக்காலத்தில் ஹெட்போன் என்னும் செவிக்கருவி வழியே நிகழ்கின்றது. நம் விடுதி அறைகளில் அஃதில்லாத மாணாக்கரைக் காண்டல் அரிது. ஆயினும் அதனை வாங்குங்கால் நிறத்தையும் விலையையும் நோக்குவோமேயன்றிப் பிறவற்றை ஆராய்வதில்லை. ஆதலின் அதன் கட்டமைப்பு, ஒலி, உறுதிமொழி என்னும் மூன்றையும் ஈண்டு ஒருவாறு காண்போம்.

முதற்கண் அதன் வரலாறு. அமெரிக்க நாட்டு யூட்டா மாகாணத்தவராகிய நதானியேல் பால்ட்வின் என்பார் தம் வீட்டுச் சமையலறையிலேயே செய்த செவிக்கருவிகளை 1910-ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் கடற்படையினர் சோதித்து ஏற்றுக்கொண்டனர். ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தார் 1937-இல் டி.டி. 48 என்னும் கருவியை வெளியிட்டனர். இன்று பெருவழக்காயுள்ள சுருள்வகைக் கருவிகளுக்கு அஃது ஒரு முன்னோடியாம். 1958-இல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் என்பார், இரு செவிக்கும் தனித்தனி ஒலி வழங்கும் ஸ்டீரியோ கருவியை இசை கேட்பார்க்கு அளித்தார்.

இதன் இயக்கம் எளியதே. காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று உளது. மின்னோட்டம் மாறுந்தோறும் அச்சுருள் முன்னும் பின்னும் அசைகின்றது. அதனோடு ஒட்டிய மென்தகடு காற்றை அதிரச் செய்கின்றது. அவ்வதிர்வே நம் செவியில் ஒலியாகின்றது.

1. கட்டமைப்பு

ஒலியைப் பிறப்பிக்கும் இவ்வுறுப்பு முறையாகக் கையாளுங்கால் எளிதிற் கெடுவதன்று. பெரும்பாலும் கெடுவன அதனைச் சூழ்ந்த பகுதிகளே. கம்பி செருகியோடு சேரும் கழுத்து நாள்தோறும் மடங்கி உள்ளே அறும். தலைவளையமும் செவிக்கிண்ணமும் கூடும் கீல், மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆயின், விரிக்குந்தோறும் இழுவிசை தாங்கி ஒருநாள் பிளக்கும். செவிமெத்தையின் போலித்தோல் வியர்வையாலும் ஈரக்காற்றாலும் செதில் செதிலாக உதிரும். கம்பியில்லாக் கருவியாயின் மின்கலமும் சில ஆண்டுகளில் ஆற்றல் குன்றும்.

மெத்தை உதிர்தல் அழகுக் குறை மட்டுமன்று. மெத்தை செவியைச் சுற்றி நன்கு பொருந்தினாலன்றி மூடிய கருவியில் தாழ்ந்த ஒலிகள் வெளியே கசிந்துவிடும். ஆகவே கட்டமைப்புக் கெடின் ஒலியும் உடன் கெடும் என்பது தெளிவு.

எனவே, வாங்குவோர் கேட்க வேண்டும் முதல் வினா, “இது கெடாதா?” என்பதன்று, “கெட்டால் கழற்றி மாற்றலாமா?” என்பதே. 1997-இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 600 என்னும் கருவியில் கம்பியையும் மெத்தையையும் கையாலேயே கழற்றி மாற்றலாம். இதனால் ஓருறுப்புக் கெட்டமை பற்றி முழுக்கருவியையும் எறிய வேண்டுவதில்லை.

2. ஒலி

ஒலியில் ஒருவர்க்கு இனியது மற்றொருவர்க்கு இனிதாதல் ஒருதலையன்று. ஃபிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர், மெல்லக் கேட்குங்கால் தாழ்ந்த ஒலிகள் செவிக்கு மிகவும் குறைந்து தோன்றும் என 1933-இல் அளந்து காட்டினர். அண்மைக் காலத்தில் ஷான் ஆலிவ் முதலியோர் பலரைக் கேட்பித்து ஆராய்ந்ததில், நல்ல ஒலிபெருக்கியை ஓர் அறையில் வைத்துக் கேட்பது போன்ற ஒலியையே பெரும்பாலோர் விரும்பினர். சிலர் தாழ்வொலி மிகுதல் வேண்டுமென்றனர், சிலர் குறைதல் வேண்டுமென்றனர்.

எனினும், கேட்பது இசையா சொல்லா என்பதையும் நோக்கல் வேண்டும். நம் தமிழில் ல, ள, ழ என்னும் மூன்றனையும் வேறுபடுத்திக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரிதும் வினாடிக்கு 1,000 அதிர்வுகட்கு மேற்பட்டவை. தாழ்வொலி அளவிறந்து முழங்கும் கருவியில் அக்கூறுகள் மறைந்துபோம். “வலி”யும் “வளி”யும் “வழி”யும் ஒன்றுபோல் ஒலிக்குமாயின், தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தும் பயனென்னை? பாடங் கேட்பார்க்கு முழக்கமன்று, தெளிவே வேண்டும்.

3. உறுதிமொழி

எம் வகுப்பு நண்பர் ஒருவர் பார்வையற்றவர். பாட நூல்களைக் கணினி படிக்கச் செவிக்கருவியாற் கேட்டே கற்பவர். உதவித்தொகையிற் சிறிது சிறிதாகச் சேர்த்த பணத்தால் அவர் வாங்கிய கருவியின் கீல், பத்தாம் மாதத்தில், தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் பிளந்தது. கீழே விழுந்ததன்று, தலையிலிருந்து எடுக்கும்போதே பிளந்தது. ஓராண்டு உறுதிமொழிச் சீட்டைக் கொண்டு யானும் அவரும் கடைக்குச் சென்றோம். பத்து நாள் கழித்து விடை வந்தது: “பொருளுக்கு ஏற்பட்ட உடைவு உறுதிமொழியில் அடங்காது, புதியது வாங்கினால் விலையிற் சிறிது குறைப்போம்.”

உடைந்த பொருளுக்கு உடைவே விலக்கு என்றால், அவ்வுறுதிமொழி எதற்கு உறுதி? சொல்லுக்குப் பொருள் காண்பதைத் தொழிலாகக் கொண்ட எமக்கும் அது விளங்கவில்லை. வெளியார் உடைத்தலும் தன் குறையால் உடைதலும் வெவ்வேறு என்பது பிறவினை, தன்வினை அறிந்தார்க்கெல்லாம் தெரியும். சீட்டை எழுதியவர் அவ்விரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டார். நாங்களும் வாங்கு முன் அதனைப் படித்தோமில்லை. படிக்க இயலாத நண்பர்க்கு யான் படித்துக் காட்டியிருத்தல் வேண்டும். அக்குறை என்னுடையதே.

முடிவில், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் கீலிற் பித்தளை ஊசி ஒன்றைச் செருகி நாற்பது ரூபாய்க்குச் செம்மை செய்து தந்தார். அதனைக் கொண்டே நண்பர் பாடங் கேட்டுத் தேர்வெழுதினார்.

இத்தகைய இடர்ப்பாடு உற்றார் வாளா இருத்தல் வேண்டா. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளின் விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த இரண்டு ஆண்டுகட்குள் முறையிடல் வேண்டும். அதற்கு முன்னர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். இரசீதையும் சீட்டையும் போற்றி வைத்தல் இன்றியமையாதது. நண்பரும் இப்போது தம் முறையீட்டைப் பதிந்துள்ளார், விடையை நோக்கியிருக்கின்றோம்.

ஆகவே, நண்பர்காள், கருவி வாங்கச் செல்லுங்கால் கீலை விரித்துப் பாருங்கள்; பாட்டை மட்டுமன்றி ஒருவர் பேச்சையும் அதிற் கேளுங்கள்; சீட்டின் சிறிய எழுத்துகளை முற்றும் படியுங்கள்; படிக்க இயலாத தோழர் உடனிருப்பின் அவர்க்கும் படித்துக் காட்டுங்கள். நாளை நம்மிற் சிலர் பொருள் செய்வோராகவும் விற்போராகவும் ஆவோம். அன்று நாம் எழுதும் உறுதிமொழி, ஆம் எனின் ஆம் என்றே பொருள்படுவதாக.